ஒண்ணுமில்ல, படுத்துக்கோ

வினாத்தாளைக் கொடுத்து முடித்துக் கடைசி பெஞ்சிலிருந்து திரும்பிக் கரும்பலகைப் பக்கம் நடந்து வரும்போதுதான் சந்தனமாரி டீச்சருக்கு அது உறைத்தது. காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்று மகளோடு பேசியது தான்தானா? வேறு யாரோ தன் வாய்க்குள் புகுந்து பேசிவிட்டுப் போனதுபோல இருந்தது. கையில் மீந்த வினாத்தாள் ஒன்று இருந்தது, கணக்குப் பரீட்சை. அவள் இங்கிலீஷ் டீச்சர், கணக்கில் ஒன்றும் ஓடாது, ஆனாலும் முதல் கேள்வியை மறுபடி மறுபடி வாசித்தாள். அம்மா, நேத்து சாயங்காலத்துலேருந்து பிள்ள அவ்வளவா அசையல, என்றாள் போனில் மகள் பிருந்தா. சாதாரணமாகத்தான் சொன்னாள், வாசலில் பால்காரன் இன்னும் வரவில்லை என்பதுபோல. ஓசூரில் அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது, போனில் அந்தச் சத்தம் கேட்டது. பிருந்தாவுக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. கோவில்பட்டியில் காலையிலேயே வெயில் பிடரியில் ஏறிவிட்டது, பஸ் எந்நேரமும் வந்துவிடும், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பொதுத்தேர்வு டூட்டி, பிந்திப் போனால் கையெழுத்துப் போட விடமாட்டார்கள். ஒண்ணுமில்ல, என்றாள் சந்தனமாரி. கொஞ்சம் இனிப்பா ஏதாச்சும் குடிச்சிட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கோ, அசையும். அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு சரிம்மா என்று வைத்துவிட்டாள். பஸ் வந்தது, ஏறினாள், ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது. ஏறி உட்கார்ந்ததும் தனக்குத் தானே ஒரு சந்தோஷம் வந்ததே, பரவாயில்லை, பயமுறுத்தாமல் பேசிவிட்டேன் என்று, அதுதான் இப்போது அவளை முதல் கேள்வியைத் தாண்ட விடவில்லை.

பெண்பிள்ளைகள் குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். மின்விசிறி ஒன்று ஓடியது, ஒன்று ஓடுகிற மாதிரி சத்தம் மட்டும் போட்டது. தேங்காய் எண்ணெய் வாசமும் காலையில் வைத்த பிச்சிப்பூ வாசமும் வெக்கையில் கலந்து குமட்டியது. போன் இல்லை. எல்லோருடைய போனையும் அணைத்து வாங்கி முதன்மைக் கண்காணிப்பாளர் ராஜாமணி சார் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், பரீட்சை முடிந்துதான் கிடைக்கும். இது என்ன இன்று நேற்று வந்த விதியா, எத்தனை வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு நாளும் போன் இல்லாதது பெரிதாகத் தெரிந்ததில்லை. சுவரைப் பார்த்தாள். இந்த வகுப்பறைச் சுவர் நெடுக இங்கிலீஷ் பழமொழிகளைப் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார்கள். இங்கிலீஷ் பரீட்சைக்குத் தாள் ஒட்டி மறைத்திருப்பார்கள் போல, ஓரங்களில் பசையும் காகிதப் பிசிறும் இன்னும் இருந்தன. அத்தனையும் எச்சரிக்கைப் பழமொழிகள். எழுத வைத்த தலைமையாசிரியரும் தன்னைப்போலப் பயந்த ஜாதியாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றில் ஓநாய், ஒன்றில் பாலம், ஒன்றில் நெருப்பு, ஒன்றில் காலடியில் என்னவோ. கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாமே சொல்வது ஒன்றைத்தான், பார்த்துப் போ, போகாதே, போனால் கெட்டாய். அவளும் வருஷா வருஷம் இதே பாடத்தை நடத்துகிறாள். எச்சரிக்கை என்று தலைப்பு எழுதி அடிக்கோடிட்டு, கீழே வரிசையாக எழுதிப் போட்டு, பொருள் சொல்லி, வாக்கியத்தில் அமைக்கச் சொல்வாள். ஒரு வருஷம் ஒருத்தி எழுந்து கேட்டாள், மிஸ், ஒண்ணு பொறுத்துக்கோங்குது, அதுக்குக் கீழ உள்ளது பொறுக்காதங்குது, ரெண்டுல எதக் கேக்குறது? வகுப்பே சிரித்தது. இடத்துக்குத் தக்கபடி எடுத்துக்கணும், ரெண்டுக்கும் ஒரே மார்க்குதான், உக்காரு, என்று சொல்லிவிட்டாள். நல்ல பதில் என்று அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள். இடத்துக்குத் தக்கபடி. அந்த இடம் இன்று காலை பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றபோது அவளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டதே.

அசைந்திருக்கும். இந்நேரம் அசைந்திருக்கும். சர்க்கரை போட்டுப் பாலைக் குடித்துவிட்டுப் படுத்திருப்பாள், உள்ளே ஒரு உதை விழுந்திருக்கும், இவள் சிரித்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டிருப்பாள், போன் அணைந்திருக்கிறது என்று வந்திருக்கும், சரி டூட்டியில் இருப்பாள் என்று விட்டிருப்பாள். அப்படித்தான் இருக்கும். இல்லை, படுத்தவள் அப்படியே தூங்கியிருந்தால்? அம்மாவே ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டாளே. உலகத்தில் யார் சொன்னாலும் சந்தேகப்படலாம், அம்மா ஒண்ணுமில்லை என்றால் அது ஒண்ணுமில்லைதான், ஏனென்றால் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னதே கிடையாது. மாப்பிள்ளை ஹரிகரன் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போயிருப்பார். வீட்டில் அவள் மட்டும். மழை, இருட்டு கட்டின வானம், போர்வை, நல்ல தூக்கம். சந்தனமாரி வேகமாக நடந்தாள். நடக்கும்போது செருப்பு சத்தம் போட்டது, முன்வரிசைப் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்ச நேரம் கால் குளிர்ச்சியை மட்டும் நினைக்கப் பார்த்தாள், நாலு எட்டுக்கூட நிற்கவில்லை.

அவள் வாய் அப்படிப்பட்ட வாய்தான். பிருந்தா நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வாய் ஓய்ந்ததில்லை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாத. கேஸை மூடினியா, மூடிட்டு மறுபடி பாத்தியா. தாவணி சக்கரத்துல சிக்கிரும், சுருட்டி மடியில வச்சுக்கோ. டூர் எல்லாம் வேண்டாம், போன வருஷம் எந்த ஊர்லயோ பஸ் கவுந்துச்சு. கண்மாய்ப் பக்கம் போகாத, நாய் படுத்திருக்கிற தெருவுல போகாத, காய்ச்சல் விட்ட உடம்போட தலைக்கு ஊத்தாத. பிள்ளைக்குக் காது மரத்துப்போயிற்று. காது மரத்தால்கூடப் பரவாயில்லை, வாயும் மூடிக்கொண்டது. காலேஜ் படிக்கும்போது தோழி வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியிருக்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகு பேச்சுவாக்கில் மாப்பிள்ளைதான் சொன்னார். ஸ்கூட்டி ஓட்டுவது, ஒரு தடவை அதில் விழுந்து முழங்கை பெயர்ந்தது, எல்லாம் பிறகு பிறகுதான் தெரிந்தது. அப்போது அவளுக்குக் கோபம் வரவில்லை, ஒரு மாதிரி வெறுமையாக இருந்தது. இவ்வளவு காவல் காத்தும் பிள்ளை காவலுக்கு வெளியேதான் வளர்ந்திருக்கிறாள். பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டுமென்று முறை இருக்கிறது. ஓசூரில் வளைகாப்பு முடிந்ததும் எல்லோரும் கிளம்பு கிளம்பு என்றுதான் சொன்னார்கள், சம்பந்தியம்மாள் பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். வேண்டாம் என்று தடுத்தது யார்? இவ்வளவு தூரம் பிரயாணம் கூடாது, ரோடு முழுக்கக் குண்டு குழி, குலுங்கினா என்னத்துக்காகும், பரீட்சை முடியட்டும், லீவு போட்டுட்டு நானே வந்து உக்காந்துக்கிடுறேன், என்று நின்ற நிலையில் தடுத்தது இந்த வாய்தான். தடுக்காமல் இருந்திருந்தால் பிள்ளை இந்நேரம் கோவில்பட்டியில் கண்ணெதிரே இருந்திருக்கும். ஆட்டோ பிடித்தால் ஆஸ்பத்திரி. பேச வேண்டாத இடத்தில் பேசியும், பேச வேண்டிய இடத்தில் வாயைக் கட்டியும், இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்கிவிட்டோமே என்று தோன்றியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அவளாகவா வாயைக் கட்டினாள்? பிள்ளைதானே கேட்டாள். போன மாதம் ஸ்கேன் எடுத்த அன்று, பனிக்குடத் தண்ணி லேசா கம்மியா இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க, தண்ணி நல்லா குடிக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான், என்று பிருந்தா சொன்னதும் இவள் ஆரம்பித்துவிட்டாள். தண்ணி குறைந்தால் என்னென்ன ஆகும், யார் யாருக்கு என்னென்ன ஆயிற்று, எந்த டாக்டர் எப்படிச் சொல்லாமல் மறைப்பார், எதை எதைக் கேட்க வேண்டும். நிறுத்தவே இல்லை. நடுவில் ஒரு சத்தம் கேட்டது, என்னவென்று பார்த்தால் பிள்ளை அழுகிறாள். அம்மா, என்றாள், எங்கிட்ட எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லங்குறாங்க, நீ ஒருத்திதான்மா இப்படி. நான் ராத்திரி தூங்க வேண்டாமா? ஒரு தடவையாச்சும் நீ ஒண்ணுமில்லன்னு சொல்லேன்மா. அன்றைக்குப் போனை வைத்துவிட்டு சந்தனமாரி அடுப்படியில் போய் நின்றாள். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றாள். கணவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார், அவர் போய் நாலைந்து வருஷமாகிறது, உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடி என்று அவரும் எத்தனையோ தடவை கேட்டவர்தான். சரி, இனிமேல் பயமுறுத்துவதில்லை என்று அன்று முடிவு செய்தாள். பயம் வந்தால் விழுங்கிக்கொள்வது, பிள்ளையிடம் சிரித்துப் பேசுவது. அதன்பிறகு ஒவ்வொரு தடவை பேசும்போதும் கத்தி மேல் நடப்பது மாதிரிதான் பேசினாள். கால் வீங்குகிறதா என்று கேட்க வாய் வரும், கேட்கமாட்டாள், மழை பெய்யுதா என்று கேட்பாள். இன்று காலை அந்த வார்த்தை வரிசையாக, தடங்கல் இல்லாமல், மனப்பாடப் பாட்டு மாதிரி வந்துவிட்டது. இனிப்பா ஏதாச்சும் குடி. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. அசையும்.

ஒரு பெண் கை தூக்கினாள். மிஸ், கிராஃப். சந்தனமாரி மேஜைக்கு வந்து கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சின்னச் சின்ன பச்சைக் கட்டங்கள். ஆஸ்பத்திரியில் பிருந்தாவின் வயிற்றில் பட்டி கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தபோது மெஷினிலிருந்து வந்த தாளும் இப்படித்தான் கட்டம் கட்டமாக இருந்தது, படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதில் கோடு எறும்பு ஊர்ந்த மாதிரி மேலும் கீழுமாகப் போயிருந்தது. இந்தத் தாளில் கோடு இல்லை. வெறும் கட்டம். கொடுத்த தாளிலிருந்து கையை எடுக்காமலே நின்றிருக்கிறாள் போல, மிஸ், என்று அந்தப் பெண் மெதுவாக இழுத்துக்கொண்டாள். திரும்பி நடந்தாள். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. இந்த வாக்கியம் தன்னுடையது இல்லை. தன்னுடைய பேச்சில் இடது பக்கம் வலது பக்கம் என்றெல்லாம் கிடையாது, ஓடு, உடனே ஓடு, டாக்டரைப் பாரு, இப்படித்தான் இருக்கும். அப்படியானால் இது யார் சொன்னது? எங்கேயோ கேட்டது. புத்தகத்தில் படித்ததா? பழமொழி வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனாள், திரும்பினாள். ஒருக்களிச்சு. யார் அந்தச் சொல்லைச் சொல்வார்கள்? ஈரத் துண்டின் வாசம் ஒன்று மூக்கில் வந்தது. கருப்பட்டி வாசம். பித்தளைத் தம்ளர் ஒன்று, அதைப் பிடித்திருந்த கை, கையில் பச்சை குத்தியிருந்தது. மாமியார் கை.

கருப்பட்டித் தண்ணியக் குடிச்சிட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கோ தாயி, அசையும், பிள்ள தூங்குது, என்று மாமியார் சொன்னாள். விளாத்திகுளம் வீடு. கல்யாணமாகி அடுத்த வருஷம். பிருந்தா பிறப்பதற்கு வெகு முன்னால். ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது. அன்று சாயங்காலம் வயிறு அமைதியாக இருந்தது, அதுவரை ஓயாமல் முட்டிக்கொண்டிருந்த வயிறு. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியும் வந்து பார்த்துவிட்டு ஒண்ணுமில்ல, கடைசி மாசத்துல இடம் பத்தாதுல்லா, என்று சிரித்தாள். எல்லோரும் நல்லவர்கள். மாமியார் அவளைப் பெற்ற மகள்போல வைத்திருந்தவள், தம்ளரைத் தானே வாயில் வைத்துக் குடிக்க வைத்தாள், தலையைக் கோதினாள். சந்தனமாரி படுத்தாள். தூங்கியும் விட்டாள், அதுதான், நன்றாகத் தூங்கிவிட்டாள். விடிந்து எழுந்ததும் தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உடம்புக்குள் ஒரு பாரம் அவள் திரும்புகிற பக்கமெல்லாம் கல் மாதிரி சரிந்தது. ஆண் பிள்ளை. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்கள், பார்த்தாள். அதன்பிறகு வந்ததுதான் இந்த வாய். ஊரெல்லாம் அவள் பிறவிப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி இல்லை, அதற்கு முன்னால் அவள் புளியமரத்தில் ஏறுகிறவள். பிருந்தாவிடம் உலகத்து ஆபத்தையெல்லாம் சொன்னவள் இதை ஒன்றை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் பிள்ளை தாங்கமாட்டாள், அவள் வயிற்றில் அந்த நிழல்கூடப் படக் கூடாது என்று உள்ளே போட்டுப் பூட்டி வைத்தாள். பூட்டி வைத்து என்ன, கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது அந்த வார்த்தைதானே. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம், தெரியாமல் சொன்னார்கள் என்று விட்டுவிடலாம். தெரிந்தவள் அவள் ஒருத்தி. தெரிந்தவளே அதே வார்த்தையை, கருப்பட்டி ஒன்றை மட்டும் மாற்றி, பெற்ற மகளிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மணி அடித்தது. எந்த மணி என்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்த ஆயா முத்துக்கனியை வாசலில் மறித்து, சார்கிட்டப் போயி, டீச்சர் மகளுக்கு உடம்பு சரியில்ல, ஒரே ஒரு போன் பண்ணிக்கிடணுமாம்னு கேட்டுட்டு வாங்கக்கா, என்று அனுப்பினாள். முத்துக்கனி போன வராண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே மைதானத்தில் கரிசல் மண் வெடித்துக் கிடந்தது, வேப்பமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. ஒன்றுமே அசையாத உலகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, கண்ணை உள்ளே திருப்பினாள், பெண்கள் கைகள் ஓடிக்கொண்டிருந்தன, அது ஆறுதலாக இருந்தது. முத்துக்கனி திரும்பி வந்தாள். பறக்கும் படை பக்கத்து ஊருக்கு வந்திருச்சாம், எந்நேரமும் இங்க வரலாமாம், பரீட்சை முடியட்டும்மா, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்கன்னு சார் சொன்னாவ, என்றாள். சந்தனமாரி தலையை ஆட்டினாள். ஒண்ணும் ஆகாது. அவரும் நல்லவர்தான். சரி, முடியட்டும், இவ்வளவு நேரம் ஓடியது இன்னும் கொஞ்சம்தானே, என்று ஒரு மனசு சொன்னது. இப்போது போன் பண்ணினால் மட்டும் என்ன, அசைந்திருந்தால் அசைந்திருக்கும், இல்லையென்றால் காலையிலேயே, அதற்கு மேல் அந்த வாக்கியத்தை முடிக்க விடாமல் வேறு பக்கம் திரும்பினாள். கேட்கிற வரைக்கும் நல்லதும் இருக்கிறது கெட்டதும் இருக்கிறது, கேட்டுவிட்டால் ஒன்றுதான். கேட்காமலே இருந்துவிட்டால்? இந்த அறைக்குள்ளேயே இப்படியே நடந்துகொண்டே இருந்துவிட்டால்? அதுதான் வேண்டுமோ அவளுக்கு? பீரோ பூட்டியிருப்பதில் உள்ளூர ஒரு நிம்மதிகூட இருக்கிறதோ? அதைக் கண்டுகொண்டபோது தன்மீதே அருவருப்பாக வந்தது. வயிற்றுப் பிள்ளை ஒரு பக்கம், தன் பயம் ஒரு பக்கம், அவள் இத்தனை வருஷம் காத்துக்கொண்டிருந்தது பிள்ளையையா, பயத்தையா?

மிஸ், என்று யாரோ கூப்பிட்டார்கள். நடுவரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். கூடுதல் தாள் கேட்கிறாள் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் தாளை வாங்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், மிஸ், நீங்க ரொம்ப நேரமா அழுதுக்கிட்டு இருக்கீங்க, என்றாள். சந்தனமாரி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது, கழுத்துவரை நனைந்திருந்தது, ரவிக்கைக் கழுத்தும் ஈரம். அவளுக்குத் தெரியவே இல்லை. உடம்பு தன்பாட்டுக்கு அழுதுகொண்டிருக்கிறது, மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. எழுதும்மா, நீ எழுது, என்றாள். பிறகு வாசலுக்குப் போனாள். வராண்டாக் கோடியில் மாற்றுக் கண்காணிப்பாளராக ஜெயசுதா டீச்சர் நாற்காலியில் இருந்தாள், அவளைக் கை காட்டி அழைத்தாள், அவள் என்ன ஏது என்று கேட்பதற்குள் என் ஹாலைப் பாத்துக்கோங்க, என்று சொல்லிவிட்டு நடந்தாள். செருப்பு மேஜைக்கடியிலேயே கிடந்தது, வராண்டா முடிந்து வெயிலில் கால் வைத்தபோதுதான் சுட்டது. ராஜாமணி சார் அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். டீச்சர், ஹாலை விட்டு எதுக்கு வந்தீங்க, இப்ப அவங்க வந்தா நான் என்ன பதில் சொல்ல, என் வேலைக்கு உலை வச்சிராதீங்க, என்றார். குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. பீரோவைத் திறங்க சார், என்றாள் சந்தனமாரி. அவர் விதியைச் சொன்னார். மெமோ கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். அவள் பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திறங்க சார், என்றாள் மறுபடி. அவர் அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சாவியை எடுத்தார்.

போன் உயிர் பெற்று வருவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. திரை வெளுத்தது, கம்பெனிப் பெயர் வந்தது, போனது, பிறகு வரிசையாகச் செய்திகள் வந்து விழுந்தன, எல்லாம் மாப்பிள்ளை கூப்பிட்ட அழைப்புகள். ஒன்றின்மேல் ஒன்றாக விழ விழ, போட வேண்டிய இடத்தில் அவள் விரல் பட மறுத்தது. ராஜாமணி சார்தான் வாங்கிப் போட்டுக் காதில் கொடுத்தார். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி. எடுத்தார். அத்தை, என்றார் ஹரிகரன். சொல்லுங்க தம்பி, என்றாள், அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. ஆபரேஷன் ஆயிருச்சு அத்தை, பெண் பிள்ள, என்றார். பிருந்தா நல்லாருக்கா. பிள்ளைக்குத் துடிப்பு ரொம்பக் குறைஞ்சு போயிருந்துச்சாம், இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தா ஒண்ணும் செய்ய முடிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாங்க. பிறந்ததும் அழல, மெஷின்ல வச்சிருக்காங்க. அவள் சுவரோடு சாய்ந்தாள். எப்போ கூட்டிட்டுப் போனீங்க, என்று கேட்டாள், படுத்துத் தூங்கலையா அவ? எங்க தூங்குனா, என்றார். நீங்க பேசி வச்ச உடனேயே அழுதுக்கிட்டு வந்தா அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே போகணும்னா. நான் ஷிஃப்டுக்குக் கிளம்பி நின்னேன். அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். அம்மா ஒண்ணுமில்லன்னு சொல்றாங்க, எங்கம்மா எங்கிட்ட அப்படிச் சொன்னதே கிடையாது, அவங்க குரலே சரியில்ல, ஏதோ ஆயிருச்சுன்னு ஒரே பிடியா நின்னா.

சந்தனமாரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வர வேண்டிய இடத்தில் அழுகை வரவில்லை, தாகம்தான் எடுத்தது. பேசியவளுக்கே தெரியாத நடுக்கம் கேட்டவளுக்குத் தெரிந்திருக்கிறது. காது மரத்துப்போனது என்று நினைத்தாளே, அந்தக் காது அவள் குரலை அவளைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறது. சந்தோஷப்படலாமா என்று மனசு ஒரு அடி எடுத்து வைத்தது, அழல என்ற சொல் குறுக்கே வந்து நின்றது. பிறந்ததும் அழல. மெஷின். என்ன சொல்றாங்க தம்பி, என்றாள். சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்குறாங்க, என்றார் ஹரிகரன். நர்ஸ் விட்டாங்கன்னா பிருந்தா காதுல வைக்கிறேன், உங்ககிட்டப் பேசணும்னுட்டே இருக்கா. நடக்கிற சத்தம், கதவுச் சத்தம், எதுவோ விட்டு விட்டுக் கூவுகிற சத்தம். பிறகு மூச்சு கேட்டது, அது பிருந்தாவின் மூச்சு, அதை எந்தக் கூட்டத்திலும் அவள் பிரித்துவிடுவாள். அம்மா, என்றாள் பிருந்தா. மயக்கம் தெளியாதவள்போல நாக்கு தடித்திருந்தது. அம்மா, அவளை ஒரே ஒரு தடவைதான்மா காட்டினாங்க. நீலமா இருந்தா. பிழைச்சிருவாளாம்மா?

வாய்க்குள் எல்லாம் வந்து நின்றன. ஒண்ணுமில்ல, ஒண்ணும் ஆகாது, சாயங்காலம் பாரு, அழுது ஊரைக் கூட்டிருவா. அதுவும் வந்தது. குறைமாசம், நுரையீரல், கிருமி தொற்று, நர்ஸைக் கேளு, பெரிய டாக்டரைக் கூப்பிடச் சொல்லு, அத்தனையும் வந்தன. விளாத்திகுளத்தில் பார்த்த முகம் ஒன்றும் வந்தது, மூக்கு நுனி மட்டும் பிருந்தா சாயலாக, கண் மூடி. ஓசூரில் மெஷின் விட்டு விட்டுக் கூவியது. பிள்ளை அந்தப் பக்கம் காத்திருந்தாள். எதைச் சொன்னாலும் அதற்குள் இருப்பதைக் கேட்டுவிடுவாள், இனி அவளிடம் எதையும் சுற்றி மூடிக் கொடுக்க முடியாது. தெரியலம்மா, என்றாள் சந்தனமாரி. எனக்குத் தெரியல. நான் வாரேன். அந்தப் பக்கம் பிருந்தா அழுதாள், ஆனால் அது வேறு அழுகை, பிடித்து வைத்திருந்ததை விட்டுவிட்ட அழுகை. சீக்கிரம் வாம்மா, என்றாள்.

ராஜாமணி சார் மெமோ எழுதவில்லை. எழுதணும்தான், பிறகு பாத்துக்கிடுவோம், போங்க, என்று சொல்லி யாரையோ அனுப்பி அவளுடைய செருப்பை எடுத்துவரச் சொன்னார், அது வருகிறவரைக்கும் அவள் நிற்கவில்லை, பீரோவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரோட்டுக்கு வந்தபோது மதுரை பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. மதுரைக்குப் போய், அங்கிருந்து சேலம், அங்கிருந்து ஓசூர், போய்ச் சேர நடுநிசி ஆகும். அதற்குள் அந்தச் சாயங்காலம் வந்து போய்விடும், நல்லதோ கெட்டதோ வழியில் ஏதோ ஒரு ஊரில் பஸ்ஸுக்குள் வைத்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது. தார் ரோடு காலைப் பொசுக்கியது. அவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். பின்படிக் கம்பியை எட்டிப் பிடித்தாள், ஒரு கால் படியில் ஏறியது, மற்ற கால் ரோட்டில் இழுபட்டு, பிறகு அதுவும் ஏறியது. படியில் நின்றவர்கள் தோளைப் பற்றி உள்ளே இழுத்தார்கள். கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டு, ஏம்மா, இந்த வயசுல ஓடுற பஸ்ல தொத்துறீங்களே, விழுந்து செத்தா யாரு பதில் சொல்றது, பாத்து வரக் கூடாதா, என்று கத்தினார். உள்ளே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரைத்த மூச்சுக்கு நடுவே சந்தனமாரி கைப்பையைத் திறந்தாள்.

மதுரை ஒண்ணு, என்றாள்.